ஆளுக்கொரு ஃபியூஸ்

மாங்கெரே, ஆக்லாந்து
9 பிப்ரவரி 1986

அன்புள்ள மசினா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே கோடைக்காலம் என்கிறார்கள். நாள் முழுக்க மீன் கிடங்கின் குளிரில் ஒயர் பிடித்து நிற்பவனுக்கு எந்தக் காலமும் ஒன்றுதான். நலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் நம் சலேபுனா ஆள் ஒருவர் சொன்னார். கிரிக்கெட் சண்டையில் இயோபு ஒருத்தன் தாடையை உடைத்துவிட்டானாம். அதற்காக அவன் குடும்பம் முழுவதையும் ஊர்விலக்கு செய்து, பானை சட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார்களாம். அவன் தங்கை குழந்தை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லையாமே. அந்தக் குழந்தை யார் தாடையை உடைத்தது?

எனக்கு வரும் கோபத்தை எழுதினால் தாள் தாங்காது. எங்கள் கிடங்கில் ஒரு மோட்டார் கெட்டால் கிடங்கு முழுவதும் இருண்டுபோகாது. ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ். கெட்டது மட்டும் அணையும், மற்றது ஓடும். இதைக் கண்டுபிடித்தவன் தேவதூதன் இல்லை. உட்கார்ந்து யோசித்தவன். ஊருக்கும் அதேதான். தாத்தா காலத்தில் ஊர்விலக்கு என்றால் வீட்டையும் கொளுத்துவார்கள். இப்போது கொளுத்துவதில்லை. யாரோ யோசித்தார்கள், யாரோ எடுத்துச் சொன்னார்கள். மனிதன் அப்படித்தான் மேலே வருகிறான்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அப்பா போனதிலிருந்து நம் குடும்பத்தின் லேமானா பட்டம் காலியாக இருக்கிறது. பட்டம் உள்ளவன்தான் ஊர்ச்சபையில் வாய் திறக்க முடியும். எல்லோரும் எனக்கென்று வைத்திருக்கிறீர்கள். எனக்கு வேண்டாம். பெரியப்பா மகன் செமிசி அண்ணனுக்குக் கொடுங்கள். போனில் பேசினேன். ஒருவன் குற்றத்துக்கு இன்னொருவரை விலக்கக் கூடாது என்று சபையில் விதி கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரைப்போல் பேச நம் குடும்பத்தில் ஆள் இல்லை.

குடும்பக் கூட்டத்தில் நீ எனக்காகப் பேசு. கூடப்பிறந்தவள் சொல்லைத் தட்ட நம்மில் ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. அம்மாவை உப்பு குறைக்கச் சொல்.

தம்பி,
ரொபாட்டி


சலேபுனா, சவாயி தீவு
2 மார்ச் 1986

அன்புத் தம்பி ரொபாட்டிக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நான் சுகம். அம்மாவின் கால் மழை நின்றால் வடிகிறது, மழை வந்தால் வீங்குகிறது, மழை நிற்பதாக இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னேன். "அவன் அங்க டின் மாட்டுக்கறி திங்கிறதை முதல்ல நிறுத்தச் சொல்லு" என்றாள். சேர்த்தே எழுதிவிட்டேன்.

வீடு கொளுத்துவதை யோசித்து நிறுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்போது கூரை ஓலை. இப்போது தகரமும் சிமெண்டுத் தூணும். தீப் பற்றாது. நான் வாத்தியாரம்மா, குறுக்குக் கேள்வி கேட்டே பழகிவிட்டேன், கோபிக்காதே.

கூட்டம் நடந்தது. நீ சொன்னபடியே சொன்னேன். அத்தை ஒருத்தி, "வெளிநாட்ல இருக்கிறவன் பட்டத்தை வேண்டாங்கிறான், உள்ளூர்ல இருக்கிறவன் குடுங்கிறான், என்னடி இது புதுசா" என்றாள். செமிசி அண்ணன் எழுந்து பேசினார். அரைமணி நேரம். முடிக்கும்போது அந்த அத்தையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் பேசினார். சின்ன வயதில் போதகர் வீட்டுக் கோழியைத் தின்றது நீங்கள் இரண்டு பேரும், அடி வாங்கியது நீ மட்டும், நினைவிருக்கிறதா? "பிடிச்சது நான்தான் ஐயா. ஆனா பிடிச்ச கோழியை விட்டிருக்கலாம். ரொபாட்டி அறுத்துட்டான். அறுத்ததை எப்படி விடறது" என்று அன்று போதகரிடம் சொன்னார். அதில் ஒரு சொல் பொய் கிடையாது.

சரி, நீ கேட்டாய், நான் பேசினேன். பட்டம் அவருக்கு என்று முடிவாயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் வேலை செய்துவிட்டு உடனே வெந்நீரில் குளிக்காதே.

அக்கா,
மசினா


மாங்கெரே
6 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா எப்படி?

கோழிக் கதைக்கு நன்றி. அப்போது அவருக்குப் பத்து வயது. மனிதனைப் பத்து வயதிலேயே நிறுத்திவைத்துப் பார்க்காதே. அண்ணன் வாராவாரம் போனில் பேசுகிறார். ஃபியூஸ் உதாரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டார். "டேய், இதை இப்படியே சபையில சொல்றேன். வாயைப் பொளந்துடுவாங்க" என்றார்.

நீ எதையும் சந்தேகப்படுகிறாய். எனக்குப் புரியவில்லை. பழுது எங்கே என்று தெரிந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் பழுதைவிட மோசம். பட்டமளிப்புக்கு என்னால் வர முடியாது, லீவு இல்லை. பன்றி, பாய் எல்லாம் குறைவில்லாமல் நடக்கட்டும். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

ரொபாட்டி


சலேபுனா
18 ஜூன் 1986

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பட்டமளிப்பு நல்லபடி முடிந்தது. செமிசி அண்ணன் இப்போது லேமானா. நீ கேட்ட விதியும் வந்துவிட்டது. இனி சலேபுனாவில் குற்றம் செய்தவர் மட்டும்தான் ஊரைவிட்டுப் போக வேண்டும். ஃபியூஸ் கதையைச் சொன்னபோது சபை கைதட்டியதாம். தலைமைப் பட்டக்காரர் ஃபாலானி உடனே ஒத்துக்கொண்டாராம். அவர் எதையும் உடனே ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே இயோபு குடும்பம் திரும்பி வந்தது. அது பழைய விதிப்படி. விடிவதற்குள் எல்லோரும் தாடை உடைந்த பையன் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுப் பெரிய தாழம்பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டார்கள். அப்பா, அம்மா, தங்கை, கைக்குழந்தை எல்லோரும் ஒரே பாய்க்கடியில். இயோபுவின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நினைத்தால் கல்லால் அடிக்கலாம், கேட்க ஆள் இல்லை. அவர் தூணில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. இறங்கி வந்து பாயைத் தூக்கினார். "எழுந்திரிங்க. கோக்கோ ஆறுது" என்றார். அவ்வளவுதான், மன்னித்தாயிற்று. இயோபுவும் அந்தப் பையனும் நேற்று ஒரே அணியில் ஆடினார்கள்.

இயோபுவின் அம்மா ரெபேக்கா, செமிசி அண்ணனிடம் போய்க் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இனிமே ஒருத்தன்தான் வெளிய போவான்னா, பாய்க்கடியில யாருப்பா உக்காருவா?"

"குத்தம் பண்ணவன் உக்காருவான்."

"அவன் மாட்டேன்னா?"

"அது அவன் பாடு. உங்களுக்கென்ன, நீங்க நிம்மதியா வீட்ல இருங்க."

"என் புள்ள வெளிய கெடக்கும்போது நான் வீட்ல என்ன நிம்மதியா இருக்கிறது" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்று. என் வகுப்பில் பெபே என்று ஒரு பெண், எட்டு வயது. கூட்டல் தப்பாகப் போட்டதற்குத் தலைமையாசிரியர் நிக்கோ பிரம்பால் அடித்து அவள் மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. நிக்கோ, ஃபாலானியின் மகன். குழந்தை மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லும்படி அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன்பும் இரண்டு பிள்ளைகள் இப்படி "விழுந்திருக்கிறார்கள்." ஊர் விஷயத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது உனக்கே தெரியும். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

அம்மா சுகம். உன்னைக் கேட்டாள்.

அக்கா,
மசினா


மாங்கெரே
13 ஜூலை 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கிடங்கிலேயே படித்தேன், குளிர் தெரியவில்லை. விதி வந்துவிட்டது பார். ஒரு விஷயத்தை ஒழுங்காக யோசித்து ஒழுங்காகச் சொன்னால் மனிதன் கேட்கிறான். இருநூறு வருஷப் பழக்கம் ஒரு மாலைப் பொழுதில் போயிற்று.

பாய்க் கதையை நீ உருகி உருகி எழுதியிருக்கிறாய். எனக்கு அது நாடகம். தாடையை உடைத்தவன் கோர்ட்டில் பதில் சொல்லட்டும். கைக்குழந்தை எதற்கு வெயிலில் வேக வேண்டும்? ரெபேக்காவுக்கு வயதாகிவிட்டது, புதிது என்றால் பயம்.

பெபே விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? போலீஸுக்குப் போ. எழுதிக் கொடு. குழந்தையின் எலும்பை உடைப்பது எந்த ஊரிலும் குற்றம். ஊரில் தீராததை வெளியே கொண்டுபோவது குற்றமாகாது, அதற்குத்தான் சட்டம். சபையில் நம் அண்ணன் இருக்கிறார். இங்கே நான் இருக்கிறேன். அப்பா உன் கையை என் கையில் வைத்து, "இவளுக்கு ஒண்ணுன்னா நீதான்டா முன்னாடி நிக்கணும்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பயப்படாதே, போ.

ஒழுங்காகச் சாப்பிடு. அம்மாவுக்கு என் முத்தம்.

ரொபாட்டி


மாங்கெரே
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கப்பல் பழுதா, உனக்குக் காய்ச்சலா? அண்ணனும் போன் செய்வதை நிறுத்திவிட்டார். ஊர்த் தபால் நிலையத்துக்கு இரண்டு முறை போன் போட்டேன். எடுத்தவன் "மசினாவா? இருங்க" என்று போனவன் திரும்பி வரவில்லை. காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

போலீஸில் எழுதிக் கொடுத்தாயா இல்லையா? ஆமாம் இல்லை என்று ஒரு சொல் போதும். அம்மா நலமா?

ரொபாட்டி


ஆப்பியா தபால் நிலையம் மூலம்
12 அக்டோபர் 1986

அன்புத் தம்பி ரொபாட்டிக்கு,

கர்த்தர் நல்லவர். நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

நான் இப்போது ஆப்பியாவில் இருக்கிறேன். இங்கே ஒரு பள்ளியில் சில காலம் வேலை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. காற்று வராது, ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. வீட்டுக்காரி நல்லவள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இனி ஊர் முகவரிக்கு எனக்கு எழுத வேண்டாம், தபால் நிலையத்துக்கே எழுது.

ஆம், எழுதிக் கொடுத்தேன். வழக்கு ஜனவரியில் வருகிறது.

இன்று வெள்ளை ஞாயிறு. இங்கே பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வரிசையாக சர்ச்சுக்குப் போவதைத் தெருவில் நின்று பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாட்டை இந்நேரம் யாராவது பாட வைத்திருப்பார்கள். பெபே இப்போது இடது கையால் எழுதுகிறாளாம். வீட்டுக்காரியின் மருமகன் அந்தப் பக்கம் பஸ் ஓட்டுகிறான், அவன் சொன்னது.

அம்மா உனக்குக் கடிதம் எழுதினால், கால் எப்படி இருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மாங்கெரே
26 அக்டோபர் 1986

லேமானா செமிசி அண்ணனுக்கு,

நலம், நலமறிய விருப்பம். மரியாதைக்கு இது போதும்.

என் அக்கா ஆப்பியாவில் என்ன செய்கிறாள்? பக்கத்துத் தீவில் இருக்கிற மகளுக்கு அம்மாவின் கால் வீக்கத்தை ஆக்லாந்திலிருந்து நான் சொல்ல வேண்டுமா? அவள் ஊரில் காலடி வைக்கக் கூடாதா? யார் சொன்னது? நீங்கள் சபையில்தானே இருந்தீர்கள்?

சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

ரொபாட்டி


சலேபுனா
16 நவம்பர் 1986

என் இரத்தத்தின் இரத்தமான தம்பி ரொபாட்டிக்கு,

எல்லாம் வல்ல இறைவனின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. கடல் கடந்து குளிரில் உழைக்கும் உன்னைக் குடும்பமே ஜெபத்தில் நினைக்கிறது. சித்தியின் கால் நன்றாக வடிந்திருக்கிறது. நேற்றுகூட சேப்ப இலையில் தேங்காய்ப்பால் கட்டி அனுப்பினார்கள்.

கோபத்தில் எழுதியிருக்கிறாய். உன் இடத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மசினா ஊர் விஷயத்தைப் போலீஸுக்குக் கொண்டுபோனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிக்கோவைத் தனியாக அழைத்துக் கண்டித்திருப்பேன். விலக்கு என்று ஃபாலானி சொன்னார். பழைய விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார். அந்தக் காலை வைத்துக்கொண்டு சித்தி பஸ் ஏறியிருப்பார்கள். நானும், என் பிள்ளைகளும், உன் அப்பா கட்டிய வீடும் அநாதையாகியிருப்போம். நாம் கொண்டுவந்த விதியால் அவள் மட்டும் போனாள். ஒரு லைன் அணைந்தது, வீட்டில் விளக்கு எரிகிறது. நீ சொன்னதுதான், தம்பி.

பழைய முறைப்படி குடும்பத்தோடு பாய்க்கடியில் உட்காரலாமா என்று சபையில் நானே கேட்டேன். "குடும்பத்து மேல குத்தம் இல்லன்னு நீதானப்பா விதி போட்ட. குத்தம் இல்லாதவன் எதுக்கு உக்காரணும்?" என்றார் ஃபாலானி. நியாயம் அவர் பக்கம். மசினாவே உட்கார்ந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். ஆள் அனுப்பினேன். "நான் எதுக்கு உக்காரணும், உக்கார வேண்டியவன் ஸ்கூல்ல உக்காந்திருக்கான்" என்று சொல்லி அனுப்பினாள். அதற்குமேல் நான் என்ன செய்ய?

சித்தி சம்மதித்தார்கள். "நான் எங்கப்பா போவேன்" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள்.

என் மனசாட்சி தெளிவாக இருக்கிறது. உடல்நலத்தைக் காத்துக்கொள். கம்பளி உடுத்து.

அன்பு அண்ணன்,
லேமானா செமிசி


சவாயி படகுத்துறை
14 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இரு. நான் நலம் என்று எழுதப் பழகிய கைக்கு இன்று அது வரவில்லை. நாளைக் காலைப் படகில் ஆப்பியா வருகிறேன். உன் வீட்டுக்காரியின் மருமகன் இன்று மாலைப் படகில் திரும்புகிறான், இதை அவனிடம் கொடுத்து விடுகிறேன். முகத்துக்கு நேரே உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வராது.

விமான நிலையத்திலிருந்து உன்னிடம் வராமல் நேராகச் சலேபுனாவுக்குப் போனேன். செமிசியின் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். அம்மாவைப் பார்த்தேன். உன் பெயரை எடுத்ததும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, பெரிய தாழம்பாயை எடுத்து என் கையில் வைத்தாள். நான் அந்த நாடகத்தைக் கேலி செய்தவன். வேறு வழி தெரியவில்லை, அக்கா. விடியும்போது ஃபாலானியின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பாயைப் போர்த்திக்கொண்டேன்.

உள்ளே மூச்சு முட்டியது. வெளியே காலடிச் சத்தம் வரும், நிற்கும், போகும். சிறுவர்கள் சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். வெயில் ஏறியது. யாரும் கல் எறியவில்லை. எறிந்திருக்கலாம். ஒரு கை பாயின் ஓரத்தைத் தூக்கி இளநீர் நீட்டியது. ரெபேக்கா. "குடி. உங்கக்கா போன அன்னைக்கு பஸ் வரைக்கும் நான் மட்டும்தான் போனேன்" என்றாள். நான் கேட்டேன், "அம்மா?" என்று. "தட்டியை இறக்கிவிட்டுட்டு உள்ள இருந்தா" என்றாள்.

அப்புறம் செமிசி வந்தார். பக்கத்தில் குந்தி, பாய்க்குள் தலையை நீட்டினார்.

"எழுந்திருடா. உன் மேல என்ன குத்தம்?"

"அக்காவுக்காக உக்காந்திருக்கேன்."

"அவளுக்காக நீ உக்கார முடியாதுடா. ஒருத்தர் குத்தம் இன்னொருத்தர் மேல ஏறாது. யாரு சொன்னது?"

பாயின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சொல்லேன். யாரு சொன்னது?"

"நான்தான்."

"பின்ன? நாளைக்கு ஃபாலானி உன்னை ஏத்துக்கிட்டாருன்னு வையி, விதி போச்சு. அடுத்த தடவை ரெபேக்கா வீட்டுக் குழந்தை மறுபடி பஸ் ஏறும். அது உனக்குச் சம்மதமா? யோசிச்சு சொல்லு."

யோசித்தேன், அக்கா. அவர் என் தோளில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தார், நான் யோசிக்கும்வரை. என் வாயிலிருந்து போனது திரும்பி வந்தால் அதற்கு நான் என்ன பதில் சொல்ல? அவர் பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

வீட்டுக்குள்ளிருந்து ஃபாலானியின் குரல் கேட்டது. "அந்தத் தம்பிக்கு வெயில் படுது பாருங்க. பாயை மடிச்சு மரியாதையாக் குடுத்தனுப்புங்க." இரண்டு பேர் வந்து பாயை எடுத்து, தூசி தட்டி, நான்காக மடித்து என் மடியில் வைத்தார்கள். கோக்கோ யாரும் தரவில்லை.

செமிசி என்னை ஏமாற்றினாரா என்று படகுத்துறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாக்குக் கொடுத்ததைச் செய்தார். ஒரு சொல் மீறவில்லை. இருந்தும் முதுகில் கத்தி இருக்கிறது, கைப்பிடியில் என் கை தெரிகிறது.

நாளை வருகிறேன். பாய் என்னிடம்தான் இருக்கிறது. உன் வாசலில் உட்காருவேன். நீயாவது தூக்கு.

தம்பி


ஆப்பியா
14 டிசம்பர், இரவு

அன்புத் தம்பி ரொபாட்டிக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாளை முதல் படகிலேயே திரும்பிப் போகிற அதே மருமகனிடம் இதைக் கொடுக்கிறேன், நீ படகு ஏறுமுன் உன் கையில் கிடைக்கும். முதுகு வெந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவு, சோப்புப் போடாதே.

நடந்ததை உனக்கு எழுதாததற்குக் காரணம் உன்மேல் கோபம் இல்லை. நீ "போ" என்று எழுதாவிட்டாலும் நான் போயிருப்பேன். எழுதினால் நீ வருவாய், வந்தால் ஏதாவது செய்வாய் என்று பயந்தேன். அதைத்தான் செய்திருக்கிறாய்.

உன் ஃபியூஸ் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கைக்குழந்தை பஸ் ஏறக் கூடாதுதான். முன்பெல்லாம் வீடு முழுக்க இருண்டுபோகும், அதனால் வீட்டில் இருக்கிற எல்லோரும் விளக்கை எடுத்துக்கொண்டு பழுதைத் தேடுவார்கள். இப்போது என் அறை மட்டும் இருட்டு. மற்றவர்களுக்கு வெளிச்சம் இருக்கிறது. யாரும் தேடவில்லை. அம்மா உட்பட.

அதையும் பொறுத்துக்கொள்வேன். வேறொன்று பொறுக்கவில்லை.

அத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தீர்கள். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது, யார் பாய்க்கடியில் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது. ஃபாலானி யோசித்தார், செமிசி அண்ணன் யோசித்தார், நீயும் வெயிலில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாய். நான் செய்தது குற்றமா என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அங்கிருந்துதானே தொடங்கியிருக்க வேண்டும்?

"அக்காவுக்காக உக்காந்திருக்கேன்" என்று சொன்னாயே. எதற்காக மன்னிப்புக் கேட்டாய்? பெபேவின் கையை உடைத்தவனின் அப்பா வீட்டு முற்றத்தில், அவளுக்காக எழுதிக் கொடுத்தவளின் தம்பி தலைமேல் பாய் போர்த்தி உட்கார்ந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தம்பியே ஒத்துக்கொண்டுவிட்டான் என்று நினைப்பார்கள். பாயைத் தூக்காமல் மடித்துத் தந்தார்களே, அதற்காக மட்டும் ஃபாலானிக்கு நன்றி சொல்கிறேன்.

ஜனவரியில் நான் சாட்சி சொல்வேன். பெபேவின் அம்மா வரமாட்டாள், அவள் அந்த ஊரில் வாழ வேண்டும். அப்பா உன்னை எனக்கு முன்னால் நிற்கச் சொன்னார். முன்னால் வேண்டாம். அன்றைக்குக் கோர்ட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார முடியுமானால் லீவு கேள். முடியாவிட்டால் பரவாயில்லை, பழகிவிட்டது.

நாளை வா. மீன் குழம்பும் சீமைப்பலாவும் வைத்திருப்பேன். பாயைப் போர்த்தி என் வாசலில் உட்காராதே. அது என் கல்யாணத்துக்கென்று அம்மா மூன்று வருஷம் உட்கார்ந்து பின்னியது. ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது நான். நீ அதை ஆக்லாந்துக்கு எடுத்துப் போ. அங்கே குளிர் என்கிறாயே, போர்த்திக்கொள்ள ஆகும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
மசினா